முதல் காரே கிளாசிக் கார்... வாங்கலாமா, வேண்டாமா?

இன்ஸ்டாகிராமைத் திறந்தால் ஒரு ரீல். காலை வெயிலில் க்ரீம் கலர் பிரீமியர் பத்மினி ஒன்று ஈ.சி.ஆரில் மெதுவாகப் போகிறது. பின்னணியில் எண்பதுகளின் பாட்டு. அடுத்த ரீலில் வெள்ளை அம்பாசடர். அதற்கடுத்து, முன்பக்கம் முழுவதும் அப்படியே தூக்கித் திறக்கும் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பார்த்துக்கொண்டிருக்கும் 25 வயது ஐ.டி. ஊழியருக்கு ஒரு யோசனை வருகிறது: "ஏழு வருஷம் இ.எம்.ஐ. கட்டி எல்லாரும் வாங்குற அதே வெள்ளை எஸ்.யூ.வி.யை ஏன் வாங்கணும்? பேசாம ஒரு கிளாசிக் கார் வாங்கிட்டா என்ன?"

யோசனையில் தப்பில்லை. ஆனால் இந்த ஆசையோடு, பழைய வண்டிகளையே பார்த்துப் பழகிய மெக்கானிக் ஒருவரிடம் போய் நின்றால், பானெட்டைத் திறப்பதற்கு முன்பே அவர் கேட்க வாய்ப்புள்ள கேள்வி இது: "தம்பி, வேலைக்குப் போக வேற வண்டி இருக்கா?"

விஷயம் மொத்தமும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. கிளாசிக் கார் ஒருவருடைய முதல் காராக இருக்கலாம். ஆனால், அவருடைய ஒரே வண்டியாக இருக்கக் கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

எது கிளாசிக், எது விண்டேஜ்?

பேச்சுவழக்கில் பழைய கார் எல்லாமே 'கிளாசிக்' அல்லது 'விண்டேஜ்'. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 2021-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, முதல் பதிவு நடந்து 50 ஆண்டுகளைக் கடந்த, சொந்த உபயோகத்துக்கான இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்கள்தான் 'விண்டேஜ்'. சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. புதிதாக விண்டேஜ் பதிவு செய்ய 20,000 ரூபாய்; பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு புதுப்பிக்க 5,000 ரூபாய். புதிதாகப் பதிவு செய்யும் வண்டிகளுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளுடன் தனி எண் கிடைக்கும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு நிபந்தனை இருக்கிறது. விண்டேஜ் என்று பதிவு செய்த காரை வழக்கமான பயணத்துக்கு ரோட்டில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, விண்டேஜ் ரேலி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடுவது, சர்வீஸுக்குக் கொண்டுபோவது போன்றவற்றுக்கு மட்டுமே அனுமதி. "தினமும் ஆபீஸுக்கு எடுத்துட்டுப் போறேன்" என்ற கனவு அந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

எனவே, இளைஞர்கள் வாங்கி ஓட்ட நினைப்பவை பெரும்பாலும் சாதாரணப் பதிவிலேயே இருக்கும் பழைய கார்கள்தான். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அடிப்படையாகக் கொண்ட அம்பாசடர், ஃபியட் 1100-ன் வழிவந்த பிரீமியர் பத்மினி, 1961 முதல் சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, எண்பதுகளின் காண்டெஸா, கடைசியாக மாருதி 800. நடுத்தர வர்க்கத்தின் கார் கனவை 1983 டிசம்பரில் நனவாக்கிய அந்த மாருதிக்கும் இப்போது வயதாகிவிட்டது.

பண்ணையாருக்கு முருகேசன் இருந்தார்

2014-ஆம் ஆண்டு இந்தக் கார்களின் கதையில் முக்கியமானது. அந்த ஜனவரியில் மாருதி 800 உற்பத்தி நின்றது. மே மாதம் மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் அம்பாசடர் ஆலை நின்றது. இரண்டுக்கும் நடுவில், பிப்ரவரியில் 'பண்ணையாரும் பத்மினியும்' வெளியானது. ஒரு பழைய காரின் மேல் மனிதர்கள் வைக்கும் பாசத்தைத் தமிழ் சினிமா இவ்வளவு நெருக்கமாகக் காட்டியது அரிது. இன்று பத்மினி தேடும் பலரின் மனசில் அந்தப் படத்துக்கு ஒரு பங்கு உண்டு.

ஆனால் அந்தப் படத்தை இன்னொரு முறை பார்த்தால் ஒன்று புரியும். பண்ணையாருக்கு கார் ஓட்டத் தெரியாது. வண்டியை ஓட்டவும் பார்த்துக்கொள்ளவும் முருகேசன் என்று ஒருவர் கூடவே இருந்தார். அந்தக் கால கார்களுக்குப் பின்னால் பெரும்பாலும் இப்படி ஓர் ஆள் இருந்தார்: காலையில் ரேடியேட்டரில் தண்ணி பார்ப்பார், பிளக்கைக் கழற்றித் துடைப்பார், சத்தம் மாறினால் உடனே காதில் வாங்கிக்கொள்வார். இன்று வாங்குபவர் பண்ணையார், டிரைவர், பாதி மெக்கானிக் என மூன்று வேலையையும் ஒரே ஆளாகச் செய்ய வேண்டும். அதுவும் வாரம் ஐந்து நாள் வேலைக்குப் போய்க்கொண்டே.

"எங்க காலத்துல இதே வண்டியிலதான் மெட்ராஸ்ல இருந்து மதுரைக்குப் போனோம்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அப்போது அந்த வண்டி புதுசு. வழியில் எந்த ஊரில் நின்றாலும் அதன் நெளிவுசுளிவு தெரிந்த மெக்கானிக் இருந்தார். ஸ்பேர் பார்ட்ஸ் சாதாரணக் கடையில் கிடைத்தது. ரோட்டில் ஓடிய மற்ற வண்டிகளும் அதே வேகத்தில்தான் ஓடின. இந்த நான்கில் ஒன்றுகூட இன்று இல்லை.

பிரேக்டவுனைவிடப் பெரிய பயம்

கிளாசிக் கார் என்றதும் எல்லாரும் கேட்பது, "நடுரோட்டில் நின்னுட்டா?" என்பதுதான். நின்றுவிட்டால்கூடப் பரவாயில்லை, தள்ளி ஓரம் கட்டிவிடலாம். நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காமல் போவதுதான் பிரச்சினை.

இந்தக் கார்கள் பலவற்றில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். ஏ.பி.எஸ். கிடையாது, ஏர்பேக் கிடையாது. இந்தியாவில் முன் சீட்டுகளுக்கு சீட் பெல்ட் கட்டாயமானதே 1994-ல்தான். அதற்கு முந்தைய வண்டிகள் பலவற்றில் பெல்ட் மாட்டக் கொக்கிகூட இருக்காது. புதிய கார்கள் அனைத்திலும் ஏ.பி.எஸ். வந்தது 2019-ல். முன்னால் போகும் புது கார் 'டக்'கென்று நின்றுவிடும். பின்னால் வரும் பத்மினிக்கு அதே இடத்தில் நிற்க இன்னும் பல அடி தேவை. இந்த இடைவெளியை எப்போதும் மனசில் வைத்து ஓட்ட அனுபவம் வேண்டும். முதல் கார் வாங்குபவரிடம் இல்லாதது அதுதான்.

மழையில் தேங்கிய தண்ணீரைக் கடந்தால் டிரம் ஈரமாகி, அடுத்த சில மிதிகளுக்கு பிரேக் பிடிக்காது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால், டிரம் சூடேறி பெடலை எவ்வளவு அழுத்தினாலும் பிடிமானம் குறைந்துகொண்டே போகும். கியரைக் குறைத்து இன்ஜினையே பிரேக்காக வைத்து இறங்கத் தெரிய வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியில் ஓட்டிப் பழகியவருக்கு இது புதுப் பாடம்.

"அதெல்லாம் அந்தக் கால இரும்புப்பா, இடிச்சா எதிர் வண்டிதான் சப்பளிஞ்சு போகும்" என்று ஒரு நம்பிக்கை உண்டு. ரொம்ப ஆபத்தான நம்பிக்கை. அமெரிக்காவில் இன்சூரன்ஸ் நிறுவனங்கள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு 2009-ல் இதைச் சோதித்துக் காட்டியது. 1959-ஆம் ஆண்டின் பெரிய செவர்லே பெல் ஏர் காரையும் 2009-ஆம் ஆண்டின் செவர்லே மாலிபு காரையும் மணிக்குச் சுமார் 64 கி.மீ. வேகத்தில் எதிரெதிரே மோதவிட்டார்கள். பழைய காரில் டிரைவர் உட்காரும் இடமே நொறுங்கியது; நிஜ மனிதராக இருந்தால் உயிர் தப்பியிருக்க மாட்டார் என்பது முடிவு. புதிய காரின் டிரைவருக்குக் காலில் சின்ன காயம் ஏற்பட்டிருக்கும், அவ்வளவுதான்.

காரணம் எளிது. புதிய காரின் முன்பக்கம் நசுங்குவதற்காகவே வடிவமைக்கப்பட்டது. மோதலின் வேகத்தை அது வாங்கிக்கொள்ளும். உள்ளே ஆட்கள் இருக்கும் கூடு நசுங்காமல் நிற்கும். பழைய காரில் அப்படி ஒரு ஏற்பாடு இல்லை. இரும்பு வாங்காத அடியை மனிதர்கள் வாங்குவார்கள்.

அனுபவமே இல்லாத டிரைவரிடம், தப்பை மன்னிக்கவே தெரியாத காரைக் கொடுத்து, "தினமும் ஓ.எம்.ஆர்.ல ஓட்டு" என்று சொல்வது சரியல்ல. கிளாசிக் காரைத் தினசரி வண்டியாக்க வேண்டாம் என்பதற்கு முதல் காரணம் இது. செலவு, ரிப்பேர் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

வெயிலும் எத்தனாலும்

சென்னை வெயிலில் சிக்னலில் பத்து நிமிஷம் நின்றால் பழைய கார்புரேட்டர் வண்டி திணறும். இன்ஜின் சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி, பம்ப் வேலை செய்யாது. அந்தக் கால டிரைவர்கள் பம்ப் மேல் ஈரத் துணியைச் சுற்றி வைப்பது இதனால்தான். மழைக்காலத்தில் பிரச்சினை வேறு: டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் புகுந்தால் ஸ்டார்ட்டே ஆகாது.

இப்போது புதிதாக ஒரு தலைவலி சேர்ந்திருக்கிறது. 2025-ல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க வழக்கமாகிவிட்டது. பழைய கார்களின் ரப்பர் குழாய், பம்புக்குள் இருக்கும் டயாஃப்ரம், வாஷர், கேஸ்கெட் எதுவும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் அவற்றை ஊறவைத்து விரியவோ வெடிக்கவோ செய்யும். பெட்ரோல் கசிந்து சூடான இன்ஜின் மேல் சொட்டினால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும். வாரக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியின் டேங்கில் தண்ணீர் சேர்ந்து உள்ளே துருப்பிடிக்கும். வாங்கிய உடனேயே எத்தனாலைத் தாங்கும் குழாய்களை மாற்றிவிடுவது நல்லது. சின்ன செலவு, பெரிய பாதுகாப்பு.

ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியோடு இந்தியாவில் முடிவுக்கு வந்தது. அதற்கு முந்தைய இன்ஜின்கள் சிலவற்றில் வால்வு உட்காரும் இடம் தேய்ந்துபோகும். ஹெட் இறக்கி வேலை பார்த்திருக்கிறார்களா என்று விற்பவரிடம் கேட்பது அவசியம்.

பேப்பர் சரியில்லன்னா வண்டி வெறும் இரும்பு

பெயிண்ட் பளபளப்பைப் பார்த்து அட்வான்ஸ் கொடுப்பதுதான் பலரும் செய்யும் தப்பு. முதலில் பார்க்க வேண்டியது ஆர்.சி. புக்.

தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு ஒவ்வொரு ஐந்து ஆண்டுக்கும் வண்டியை ஆய்வுக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 5,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்ந்தது. தாமதமானால் மாதம் 500 ரூபாய் கூடுதல் கட்டணம். தமிழ்நாட்டில் பசுமை வரியும் உண்டு. ஷெட்டில் பல வருஷம் தூங்கிய "தாத்தா கார்" மலிவாகக் கிடைக்கிறது என்றால், அந்தப் பதிவு எப்போதோ காலாவதியாகியிருக்கலாம்.

சரிபார்க்க வேண்டியவை:

• ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணும் வண்டியில் பொறித்திருக்கும் எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா? இன்ஜின் மாற்றியிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா?

• ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது? உரிமையாளர் இறந்திருந்தால், முதலில் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். பிறகுதான் விற்பனை.

• எப்போதோ வாங்கிய லோன் இன்னும் ஆர்.சி.யில் பதிவாகியிருக்கிறதா? அப்படியானால் என்.ஓ.சி. வேண்டும். லோன் கொடுத்த கம்பெனியே இப்போது இல்லாமல் போயிருந்தால் அலைச்சல்தான்.

• வண்டி விவரம் பரிவாகன் இணையதளத்தில் வருகிறதா? கையால் எழுதிய பழைய ஆர்.சி. என்றால், ஆர்.டி.ஓ. ஆபீஸில் விவரங்களை ஏற்றிய பிறகே மற்ற வேலை நடக்கும்.

'டி.எம்.எக்ஸ்' என்று தொடங்கும் பழைய நம்பர் பிளேட்டின் அழகில் மயங்கி இதையெல்லாம் விட்டுவிட்டால், கடைசியில் மிஞ்சுவது வீட்டு வாசலில் நிற்கும் ஓட்ட முடியாத ஒரு பொருள்.

தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் எந்த வயது வண்டிக்கும் கட்டாயம். ஐந்து ஆண்டுகளைக் கடந்த காரின் மதிப்பை இன்சூரன்ஸ் நிறுவனமும் உரிமையாளரும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். வண்டி நல்ல நிலையில் இருப்பதற்கான போட்டோ, செலவு செய்த பில் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருந்தால் அந்தப் பேச்சில் கை ஓங்கும்.

விலையைவிடச் செலவு பெரிது

கிளாசிக் காரில் வாங்கும் விலை என்பது முதல் தவணை மாதிரி. மிச்சத்தை மெக்கானிக்கிடமும் டிங்கரிடமும் கட்டுவீர்கள். இன்ஜின் வேலையைக்கூட ஒரு கணக்குக்குள் முடித்துவிடலாம்; துருதான் கணக்கில்லாமல் தின்னும். கடலோர ஊரில் ஓடிய வண்டி என்றால் இன்னும் மோசம். மேட்டைத் தூக்கித் தரைத்தகடு, கதவின் அடிப்பகுதி, டிக்கியின் அடித்தளம், ஜாக்கி வைக்கும் இடம் நான்கையும் பார்க்க வேண்டும். ஒரு காந்தத்தை ஒட்டிப் பார்த்தால் போதும்: ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, புட்டிதான் இருக்கிறது.

டயரில் பட்டன் நன்றாக இருக்கிறதே என்று நம்பக் கூடாது. பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 1518 என்றால் 2018-ஆம் ஆண்டின் 15-ஆவது வாரம் தயாரானது. குறைவாக ஓடும் வண்டியில் டயர் தேய்வதற்கு முன்பே வயதாகி வெடிக்கும்.

வாங்கும் விலைக்கு நிகரான இன்னொரு தொகையைக் கையில் வைத்துக்கொண்டு இறங்குவதே பாதுகாப்பு. கிரெடிட் கார்டிலும் பர்சனல் லோனிலும் வாங்க வேண்டிய பொருள் அல்ல இது. எந்த மாடல் என்று முடிவு செய்யும்போதும் ஸ்பேர்தான் அளவுகோல். 25 லட்சத்துக்கும் மேல் விற்ற மாருதி 800-க்குப் பொருள் தேடுவது எளிது. அம்பாசடருக்கும் பத்மினிக்கும் புதுப்பேட்டை, ஜி.பி. ரோடு போன்ற இடங்களில் தேடினால் கிடைக்க வாய்ப்பு அதிகம். 1971-லேயே உற்பத்தி நின்ற ஹெரால்டுக்கு, தெரிந்தவர் வட்டம் இல்லாமல் ஒரு கண்ணாடிகூடக் கிடைக்காது.

அப்புறம் எதுக்குத்தான் வாங்கணும்?

இவ்வளவு சொன்ன பிறகும் வாங்குவதற்கு நியாயம் இருக்கிறது. வெறும் நாஸ்டால்ஜியா மட்டும் அல்ல அது.

இன்றைய கார் பழுதானால் டேஷ்போர்டில் ஒரு விளக்கு எரியும். லேப்டாப் மாட்டித்தான் காரணம் தெரியும். உரிமையாளருக்கு பில் மட்டும் வரும். பழைய காரில் அப்படி இல்லை. சோக்கை இழுத்துக் குளிர்ந்த இன்ஜினை எழுப்பும்போது காற்றும் பெட்ரோலும் எப்படிக் கலக்கின்றன என்பது புரிகிறது. சி.பி. பாயிண்ட்டைத் தேய்த்து இடைவெளி சரிசெய்தால் தீப்பொறி எங்கிருந்து வருகிறது என்று தெரிகிறது. சில பழைய கியர்பாக்ஸில் வண்டி முழுசாக நின்ற பிறகுதான் முதல் கியர் விழும். அதில் ஓட்டிப் பழகியவர் வேறு எந்த வண்டியின் கிளட்ச்சையும் அவ்வளவு சீக்கிரம் எரிக்க மாட்டார். நாள் முழுக்க ஸ்க்ரீன் பார்த்து வேலை செய்பவருக்கு, ஞாயிற்றுக்கிழமை காலையில் கையில் கிரீஸ் படும் இரண்டு மணி நேரம் சாதாரண விஷயம் இல்லை.

இன்னொன்றும் உண்டு. இந்த வண்டிகளின் கைவேலை தெரிந்த மெக்கானிக்குகளுக்கு வயதாகிறது. கார்புரேட்டர் டியூனிங்கைக் காதால் கேட்டுச் செய்பவர்கள் குறைந்துவருகிறார்கள். 2023 அக்டோபரோடு மும்பையின் பத்மினி டாக்ஸிகள் ரோட்டிலிருந்து விடைபெற்றன. கோவையில் ஜி.டி. கார் அருங்காட்சியகம் மாதிரியான இடங்கள் கார்களைக் காப்பாற்றும். கைவேலையைக் காப்பாற்ற, ஓடும் வண்டி வேண்டும், அதைக் கொண்டுவந்து நிறுத்தும் இளைஞர் வேண்டும்.

சரி, யாருக்கு ஓகே?

"ரெண்டு வண்டி வெச்சுக்குற அளவுக்கு வசதி இருந்தா நான் ஏன் யோசிக்கப் போறேன்?" என்று ஒரு 25 வயதுக்காரர் கேட்கலாம். அந்த இன்னொரு வண்டி காராக இருக்க வேண்டியதில்லை. மெட்ரோ பாஸ், ஆபீஸ் கேப், வீட்டில் இருக்கும் ஸ்கூட்டர் எதுவாகவும் இருக்கலாம். தினமும் கார் தேவைப்படாதவர்தான் கிளாசிக் காருக்குச் சரியான ஆள். அவருக்கு வண்டி நின்றுபோனால் கோபம் வராது; ஸ்பேர் வர மூன்று வாரம் ஆனாலும் வேலை கெடாது. மழை நாளிலும் இரவு நெடுஞ்சாலையிலும் அதை எடுக்கும் கட்டாயமும் இருக்காது.

குறைந்தது ஓரிரு வருஷம் வேறு காரில் ஓட்டிப் பழகியவராக இருப்பது நல்லது. மேற்கூரையுள்ள பார்க்கிங், அரை மணி நேரத்தில் வந்து பார்க்கும் ஒரு மெக்கானிக், தனியாக ஒதுக்கிய பணம் மூன்றும் வேண்டும். வாங்கிய பிறகு முதல் செலவு பெயிண்டுக்கோ மியூசிக் சிஸ்டத்துக்கோ அல்ல. பிரேக், டயர், பெட்ரோல் குழாய், சீட் பெல்ட் நான்கும் முதலில். பெல்ட் இல்லாத வண்டியில் உறுதியான இடத்தில் கொக்கி பொருத்தி மாட்டித் தரச் சொல்ல வேண்டும்.

வயதான பெற்றோரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக, குழந்தையைப் பள்ளியில் விட, இரவு ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்ப என்று வீட்டின் எல்லாத் தேவைக்கும் ஒரே ஒரு கார்தான் வாங்க முடியும் என்றால், அது கிளாசிக் காராக இருக்க வேண்டாம். ஏர்பேக், ஏ.பி.எஸ். உள்ள நல்ல செகண்ட் ஹேண்ட் கார் போதும். பத்மினி எங்கும் ஓடிவிடப் போவதில்லை. நான்கு வருஷம் கழித்தும் வாங்கலாம்.

"வேலைக்குப் போக வேற வண்டி இருக்கா?" என்ற கேள்விக்கு "இருக்குண்ணே" என்று சொல்ல முடிந்தால், அடுத்து மெக்கானிக்கை பானெட்டைத் திறக்கச் சொல்லலாம்.